முனியப்பன் இடுப்புக் கோடு

முனியப்பன் வயிற்றில் ஒரு டியூபை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார் ஆறுமுகம் மேஸ்திரி.

கல் முனியப்பன்தான். மஞ்சளும் எண்ணெயும் ஏறிக் கறுத்துப்போன, ஓர் ஆள் உயரக் கல். மேலே வெள்ளிக் கண்களும் பெயின்ட் மீசையும். நடுவில் அரைஞாண் கட்டியதுபோல நீளமாக ஒரு கோடு செதுக்கியிருக்கும். அந்தக் கோட்டுக்கு நேராக, தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனை. மறுமுனை முப்பது தப்படி தள்ளி, பூங்கொடி என்ற பெண்ணின் கையில். அவள் வீடு கட்டப்போகும் மனை அது.

கொத்தனார் மட்டம் பார்ப்பதை நீங்களும் நின்று பார்த்திருப்பீர்கள். இடையில் டியூப் எப்படி வளைந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். எனக்கு அதைப் பார்க்கச் சலிப்பதே இல்லை. அன்றும் மல்லசமுத்திரத்துக்கு அப்பால் ஆற்றோரப் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க நின்றேன்.

“ஆடாமப் புடி அம்மிணி. தண்ணி நின்னுச்சா?”

“நின்னுதுங்க மேஸ்திரி. எம் முட்டிக்குத்தான் வருது.”

“அப்ப அதுக்கு மேல ஒரு சாண் ஏத்திப் பேஸ்மட்டம் போட்டாப் போதும். எத்தாப்பெரிய வெள்ளம் வந்தாலும் முனியப்பன் இடுப்போட நின்னுரும். அதைத் தாண்டி ஆறு வந்ததே இல்லே.”

பூங்கொடிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அப்படின்னா படியே வேண்டாமுங்களா? சின்னதாச் சரிவு போட்டாப் போதுமுங்களா?”

“போதும் போதும்.”

 அந்த முனியப்பனை அங்கே கொண்டுவந்து நட்டவன் நான்.

ரிக் வண்டிக்காரனும் பழைய கட்டடங்களும்

அதைச் சொல்வதற்குமுன் ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து காவிரியில் சேரும் இடம்வரை திருமணிமுத்தாற்றின் கரையில் என்னென்ன நிற்கிறது என்று வாராவாரம் எழுதி வருகிறேன். பாலம், சாவடி, மதகு, சுமைதாங்கி, எதையும் விடுவதில்லை. ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “காலமெல்லாம் போர்வெல் போட்டவருக்கு, பூமிக்கு மேலே நிற்பதைப் பற்றி என்ன தெரியும்?”

நியாயமான கேள்வி. கோபம் வந்தது உண்மை. இரண்டு டீ குடித்தபிறகு தணிந்துவிட்டது.

ரிக், அதாவது துளை போடும் வண்டித் தொழிலில் எங்களுக்கு எல்லாமே ‘பாயிண்ட்’தான். துளை போடும் இடத்துக்கு அப்படிப் பெயர். பாயிண்ட் பத்தடி தள்ளிப்போனால் தண்ணீர் வருகிற இடத்தில் புழுதி பறக்கும். அதனால் எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது, இது ஏன் இங்கே இருக்கிறது, பத்தடி தள்ளி ஏன் இல்லை என்பதுதான். எந்த ராஜா கட்டினான், எந்தத் துரை கட்டினான் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்.

அந்த ஆற்றோரப் பாதையில் ஒரு சுமைதாங்கி இருக்கிறது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்தது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பார்கள், வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கி ஆறட்டும் என்று. அது ஏன் சரியாக அங்கே இருக்கிறது என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஒருநாள் காலையில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மேடேறி வந்தார். சரியாக மூச்சு வாங்கும் இடத்தில் அந்தக் கல் நின்றது. கேனை அதன்மேல் வைத்துவிட்டு, “என்னத்தைங்க போட்டோ எடுக்கறீங்க?” என்று என்னைக் கேட்டார். அவர் கேன் வைத்ததைத்தான் எடுத்தேன்.

அதற்கு அடுத்தாற்போல் வருவது சாவடி. பாலம் வருவதற்குமுன் வண்டிகள் ஆற்றில் இறங்கிக் கடந்த இடம் அதுதான். தண்ணீர் வடியும்வரை காத்துக்கிடக்க யாரோ புண்ணியவான் கட்டிய கல் மண்டபம். தூண்களில் கிளி, குரங்கு, மடியில் பிள்ளையோடு ஒருத்தி. இவை எல்லாவற்றுக்கும் திருப்பணி என்ற பெயரில் நீல எனாமல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தரைக்கு டைல்ஸ். குளியலறைக்குப் போடுவார்களே, பூப்போட்டது, அதே டைல்ஸ். பார்த்தால் பற்றிக்கொண்டு வரும் எனக்கு. ஆனால் இந்தக் கதையில் எனக்குக் கோபப்படும் யோக்கியதை இல்லை.

கல்லைப் பிடுங்கிய நாள்

செல்போன் வராத காலம். சாவடிக்குக் கீழே, ஆற்றுப் பக்கமாகச் சரிந்து இறங்கும் மானாவாரிக் காடு சின்னசாமி அண்ணனுடையது. அந்தச் சுற்று வட்டாரத்தில் மூன்று போர் போட்டு மூன்றிலும் புழுதிதான். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் வந்து, தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

நான் புது ரிக் வாங்கியிருந்த நேரம். தலை கால் புரியாத வயசு. சாவடி ஓரமாக வண்டி திரும்பவேண்டும். சாவடி மேடையின் மூலையில், ஒரு குழிக்குள் சொருகி, வெளியே நீட்டிக்கொண்டு நின்றது ஒரு கல். கம்ப்ரசர் அதில் இடித்தது. “வின்ச்சைப் போடுடா” என்றேன். வண்டியின் இரும்புக் கயிற்றைக் கல்லில் சுற்றி இழுத்தார்கள். பாதி டீ குடிப்பதற்குள் கல் வெளியே வந்துவிட்டது. ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

கேட்டது என் டிரில்லர்தான். “ஓனர், கோடெல்லாம் போட்டிருக்குது. யாரு சாமியோ என்னமோ. இதைக் கீழ சாச்சுப்போட்டு நான் பிட்டை எறக்க மாட்டேன்” என்று துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டான்.

எங்கள் தொழிலில் பூஜை போடாமல் துளைக்கும் முனையான பிட் மண்ணைத் தொடாது. எந்த ஊராக இருந்தாலும் பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும் ஒரு கல்லை நிமிர்த்தி, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வேலை. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. “அந்தக் கல்லையே கொண்டுபோய்ப் பாயிண்ட்கிட்ட நடு. அதுக்கே பூஜை போட்டுரலாம்” என்றேன். மேட்டில் இருந்த கல் சரிவில் இறங்கி வந்தது அப்படித்தான்.

மஞ்சள் பூசியது நான். கோட்டில் மஞ்சள் இறங்கியபோது ஒன்று கண்ணில் பட்டது. கோட்டின் ஓரத்தில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீன். வாய் கோட்டைத் தொட்டபடி. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன், அதோடு சரி. அதன் மேலேயே சந்தனத்தை அப்பினேன்.

தண்ணீர் வந்தது பாருங்கள், வேப்பமரம் நனைந்தது. சின்னசாமி அண்ணன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சேற்றிலேயே அந்தக் கல்லின் முன்னால் விழுந்து கும்பிட்டார். பிறகு அதற்குத் தகரக் கொட்டகை வந்தது, வேல் வந்தது, மீசை வந்தது. முனியப்பன் என்ற பெயர் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. அண்ணனே பூசாரி ஆனார்.

‘வெள்ளம் கல்லுக் கோட்டோடு நின்றது’ என்று அந்த ஊரில் பேச்சு உண்டு. கல் சாவடி மூலையில் நின்றபோது அது உண்மையாகத்தான் இருந்திருக்கும். கல் இறங்கியதும் பேச்சும் கூடவே இறங்கிவிட்டது. ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை, எனக்கும்கூட, பூங்கொடி கையில் டியூபைப் பார்க்கும்வரை.

சொல்லாமல் வந்தேன்

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பூங்கொடி பவர்லூம் ஓட்டுகிறவள். அவள் கணவன் முருகேசன் வடக்கே ரிக்கில் வேலை பார்த்தவன். மாஸ்ட் கம்பத்தின் மேலிருந்து விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. சக்கர நாற்காலிதான் இனி. என் வண்டியில் நடந்தது இல்லை, ஆனாலும் ரிக்கில் நடந்தது. அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு மூன்று படி. அவன் வெளியே வரவேண்டும் என்றால் இரண்டு ஆள் தூக்கவேண்டும்.

“எங்கூட்டுக்காரரு யாரையும் கூப்புடாமத் தானா உருட்டிட்டு வாசலுக்கு வரோணுமுங்கண்ணா. அதுக்குத்தான் இந்த ஊடே” என்றாள் அன்று என்னிடம். படியே வேண்டாம் என்று மேஸ்திரி சொன்ன சந்தோஷம் அவள் குரலில் அப்படியே இருந்தது.

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தவிர, உனக்கு என்ன நிச்சயம், கல் நின்ற உயரம் உனக்கு நினைவிருக்கிறதா என்று மனசு சாக்குச் சொல்லியது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

மறுநாள் விடிந்ததும் சாவடிக்குப் போனேன். மூலையில் டைல்ஸைத் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறியது. பாறைக்குள் பொந்து இருந்தால் பிட் சத்தம் மாறும், காது பழகிய விஷயம். சின்னசாமி அண்ணன் வேப்பங்குச்சியோடு வந்து நின்றார்.

“ஏனுங்கண்ணா, இந்த மூலையில ஒரு கல்லு இருந்துச்சே, ஞாபகம் இருக்குதுங்களா?”

“ஏன் இல்லாம? நீதான தம்பி வின்ச்சப் போட்டுப் புடுங்குனே.”

 அவர் மறந்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

“அப்புறம் ஏனுங்க இத்தன வருசம் யாருகிட்டயும் சொல்லலே?”

“யாரு கேட்டாங்க? நீ கொண்டாந்து வெச்சே, அது தண்ணி குடுத்துச்சு, நான் கும்புடறேன். மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன, சாமி சாமிதானே.”

“சாமிக்கு எடம் மாறலாமுங்க. கோட்டுக்கு மாறக்கூடாதுல்ல?” என்று ஆரம்பித்து, பூங்கொடி வீட்டு விஷயத்தைச் சொன்னேன். பல் துலக்குவதை நிறுத்திவிட்டார்.  பிறகு போய்க் கடப்பாரையோடு வந்தார்.

“நவுரு. ஒடச்சுப் பாத்துரலாம்.”

“திருப்பணி டைல்ஸுங்கண்ணா…”

“பாத்ரூம் டைல்ஸுதானே.”

டைல்ஸுக்குக் கீழே சிமென்ட், சிமென்ட்டுக்குக் கீழே சதுரமாக ஒரு குழி. கல் நின்ற இடம் சந்தேகமில்லாமல் அதுதான். ஆனால் குழியை வைத்துக் கோட்டின் உயரத்தை எப்படிச் சொல்வது? கல்லின் அடிப்பாகம் எவ்வளவு குழிக்குள் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? குழிக்கு ஒட்டினாற்போல் நின்ற தூணைத் தடவிக்கொண்டே யோசித்தேன். நீலப் பெயின்ட்டுக்கு அடியில் விரலுக்கு ஏதோ நெருடியது.

சாவியால் சுரண்டினேன். பெயின்ட் தோல் தோலாக வந்தது. முதலில் கோடு வந்தது. பிறகு கோட்டின் ஓரத்தில், சுண்டுவிரல் நீளத்தில், வாயால் கோட்டைத் தொட்டபடி ஒரு மீன்.

எத்தனையோ ஊரில் எத்தனையோ தண்ணீர் பார்த்தவன் நான். இவ்வளவு படபடப்பு வந்ததில்லை. கல் வைத்தவன் என்னைப்போல் ஒருத்தன் வருவான் என்று தெரிந்தேதான் தூணிலும் ஓர் அடையாளம் வைத்தானோ? அண்ணன் கொட்டகைக்கு இறங்கிப்போய், முனியப்பன் இடுப்பைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அங்கேயும் அதே மீன், அதே கோடு.

இரண்டாவது மட்டம்

அடுத்த நாள் மேஸ்திரியை வரச்சொல்லி இரண்டு டியூபை ஒன்றாக இணைத்தோம். இந்த முறை ஒரு முனை சாவடித் தூணில். மறுமுனை மனையில், பூங்கொடி கையில். என்ன ஏது என்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. பக்கத்தில் நாற்காலியில் முருகேசன். டியூபுக்குள் தண்ணீர் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அவள் மார்பு உயரத்தில் வந்து நின்றது.

“மேஸ்திரி, டியூப்புல காத்து இருக்குதாட்ட இருக்குதுங்க.”

“காத்தெல்லாம் இல்ல அம்மிணி.”

அப்போதுதான் சொன்னேன். ரிக், வின்ச், மஞ்சள், எல்லாவற்றையும்.  நான் முடித்ததும் அவள் கேட்டாள்.

“முந்தாநேத்து மட்டம் பாக்கறப்ப நீங்க இங்கதான நின்னுட்டு இருந்தீங்க?”

“ஆமா அம்மிணி.”

“தெரிஞ்சுதான நின்னீங்க?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் டியூபைக் கீழே போட்டுவிட்டுப்போய்ச் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். “நெஞ்சு ஒசரத்துக்கு ஊட்டக் கட்டுனா நீங்க எப்படி எறங்கி வருவீங்க?” என்று கணவனைப் பார்த்துக் கேட்டாள். வேண்டாம், முனியப்பன் கோடே இருக்கட்டும், வருவது வரட்டும் என்றுகூடச் சொன்னாள்.

“வெள்ளம் வந்தா நீ ஓடிருவே. நான்?” என்றான் முருகேசன். 

பிறகு அவனே என் பக்கம் திரும்பினான். “ஏனுங்கண்ணா, ரிக்க மேட்டுல ஏத்தோணும்னா என்ன பண்ணுவோம்?”

“சரிவு போட்டு ஏத்துவோம்.”

“எடம் பத்தலேன்னா?”

“வளைச்சு ஏத்துவோம்.”

“அத்தாச்சோட்டுப் பெரிய வண்டியே ஏறுது. இந்த நாற்காலி ஏறாதா? ஒரு அடி ஏற பன்னண்டு அடி ஓட்டம் குடுங்க மேஸ்திரி. ஊட்டச் சுத்தி மூணு பக்கமும் போகட்டும். முக்குக்கு முக்கு நின்னு திரும்பறதுக்கு எடம் உடுங்க.” ஒரு குச்சியை வாங்கி, நாற்காலியிலிருந்து குனிந்து மண்ணில் போட்டுக் காட்டினான். அவன் கணக்கில் மேஸ்திரியால் ஒரு விரற்கடைகூட மாற்ற முடியவில்லை.

சரிவுக்கான கல்லும் கிராவலும் என் பொறுப்பு என்றேன். பூங்கொடி வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. அது சரிதான்.

கழுத்து, மீசை

கட்டி முடித்தபோது ஊரே சிரித்தது. வீடா அது, ஏற்காடு ரோடா என்றார்கள். வீட்டைச் சுற்றி வளைந்து வளைந்து ஏறும் சரிவு, அதன் உச்சியில் கதவு. முருகேசன் மட்டும் தினமும் நான்கைந்து முறை இறங்கி ஏறினான், தனியாக.

அந்த ஐப்பசியில் மேலே மலையில் விடாமல் மழை. ஒரு காலையில் சின்னசாமி அண்ணன் போன் செய்தார். “தம்பி, முனியப்பன் இடுப்பைத் தாண்டிருச்சு” என்றார்.  நான் பாலத்துக்கு இக்கரையில்தான் நிற்க முடிந்தது. ஆறு நுரைத்துக்கொண்டு, வாழைக்குலையும் பிளாஸ்டிக் குடமுமாக இழுத்துக்கொண்டு போயிற்று. மதியத்துக்குள் முனியப்பனின் கழுத்து, அப்புறம் மீசை. சுமைதாங்கியைக் காணவில்லை. சாவடித் தூணில் மீனுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றது.

பூங்கொடி வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் நாற்காலியில் முருகேசன். அவன் சக்கரத்துக்கு இரண்டு சாண் கீழே தண்ணீர். என்னைப் பார்த்துக் கையசைத்தான். நான் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தண்ணீர் வடிந்தபின் சுமைதாங்கி இருந்த இடத்திலேயே நின்றது, சேற்றைப் பூசிக்கொண்டு. சின்னசாமி அண்ணன் முனியப்பனைக் கழுவிப் பொங்கல் வைத்தார். மேலே சாவடிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு முடியவே முடியாது என்றுவிட்டார். ஆனால் கொட்டகையில் ஒரு பலகை மாட்டினார்: ‘வெள்ள அளவுக்குச் சாவடித் தூணைப் பார்க்கவும். வேண்டுதலுக்கு மட்டும் இங்கே.’

எனக்கு ஓர் ஆசை வந்தது. இந்த வெள்ளத்துக்கும் ஒரு கோடு வேண்டாமா? நல்ல கருங்கல் ஒன்றைப் பார்த்து வண்டியில் ஏற்றி, பூங்கொடி வீட்டு முன்னால் கொண்டுபோய் இறக்கினேன். மேஸ்திரியும் உளியோடு வந்திருந்தார். பூங்கொடி வெளியே வந்து கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“கல்லெல்லாம் வேண்டாமுங்கண்ணா. நாளைக்கு எவனாச்சும் ரிக்கு வண்டிக்காரன் வந்து புடுங்கிட்டுப் போயிருவான். செவுத்துலயே இழுங்க.”

முருகேசன் நாற்காலி குலுங்கச் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்த மனையில் டியூபைக் கீழே போட்ட நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் முறை.

கோட்டை முருகேசனே இழுத்தான். சரிவில் உருண்டு இறங்கியபடி, சேறு காய்ந்து நின்ற அளவில், சுவரோடு சேர்த்துச் சிவப்புப் பெயின்ட்டில். ஓரத்தில் மறக்காமல் ஒரு மீன்.

போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். மீனுக்கு யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் பாதி எரிந்த ஊதுபத்தி. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. இந்தச் சாமி வீட்டுச் சுவரில் இருக்கிறது, வின்ச் போட்டாலும் வராது.